இரு தாயர் உள்ள இல்லம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் மாதர் பிரிவின் சார்பில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இவ்விழாவில் மாதர் பிரிவினராகிய எங்களுக்கு ஒரு சொற்பொழிவு ஒதுக்கப்படுவதுண்டு. காப்பியப் பெண்டிரைப் பற்றியும் குழந்தை வளர்ப்பைப் பற்றியும் முன்பு பேசியிருக்கிறோம். இவ்வாண்டு அவ்விரண்டும் வந்து கூடுகின்ற பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டோம். ஒரு பெண்ணும் அவள் தன் வாழ்க்கைத் துணையாகக் கொண்ட மற்றொரு பெண்ணும் சேர்ந்து ஒரு குழந்தையை வளர்ப்பாராயின், அவ்வில்லத்தை இந்நாட்டுச் சட்டம் எவ்வாறு பார்க்கிறது, நாம் எவ்வாறு பார்க்கவேண்டும் என்பதே அது. நிகழ்ச்சி நிரலில் 'குடும்பமும் சட்டமும்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு, வருமான வரியைப் பற்றிய உரை என்று எண்ணி முன் வரிசையில் அமர்ந்துவிட்ட அன்பர்கள் பொறுத்தருள்க.

தமிழகத்தை விட்டு வந்து இத்தலைநகரின் குடியிருப்புகளில் வாழும் நமக்குக் குடும்பம் என்பது இன்னதென்று யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டுவதில்லை. பாட்டியும் அத்தையும் ஆயிரம் கல்லுக்கு அப்பால் இருக்கிறார்கள். அடுத்த வீட்டு அம்மையார் நம் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறார். மேல்மாடியில் இருப்பவர் நள்ளிரவில் மருத்துவமனைக்கு வண்டியை ஓட்டுகிறார். இரத்த உறவு சிறிதும் இல்லாதவர்களை நம் குழந்தைகள் சித்தி என்றும் பெரியப்பா என்றும் வாய்நிறைய அழைக்கின்றன. இங்கெல்லாம் அன்பு செய்பவர் உறவினர் ஆகிவிடுகின்றார். ஆனால் ஒரு படிவத்தை நிரப்ப உட்கார்ந்தால் அவ்வுறவு நிற்பதில்லை. 'குழந்தைக்கு நீர் யார்?' என்று படிவம் கேட்கிறது. நமக்கு எப்போதோ ஒருமுறை எழும் இக்கேள்வி, நாம் இன்று பேசப்போகும் இல்லங்களில் நாள்தோறும் எழுகின்றது.

'இத்தகைய இல்லங்களும் உண்டா? இது மேனாட்டிலிருந்து வந்த புதுவழக்கம் அன்றோ?' என்று கேட்பாரும் உளர். 1987-இல் மத்தியப் பிரதேசத்தில் காவற்படையில் பணிபுரிந்த இரு பெண்கள் தம்முள் மணம் புரிந்துகொண்டனர். செய்தி பரவியதும் வேலையை இழந்தனர். எளிய குடும்பங்களிலிருந்து வந்து காக்கிச் சட்டை அணிந்த பெண்கள் அவர்கள். மேனாட்டு நூல்களைக் கற்று மயங்கியவர்கள் என்று அவர்களைச் சொல்ல இயலாது. அவர்களுக்கு முன்னும் பின்னும் பெயர் வெளிவராதவர் பலர் இருந்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

இவர்களைக் குறிக்க மதிப்பான சொல்லொன்று தமிழில் இல்லாதிருந்த குறையும் இப்போது நீங்கியிருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரு இளம் பெண்கள், பெற்றோரும் காவல் துறையும் தங்களைத் துன்புறுத்தாமல் காக்கவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் அவ்வழக்கைக் கேட்டார். இப்பொருளில் தமக்கே தெளிவு வேண்டும் என்று கூறி, உளவியல் அறிஞர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்னரே 2021 ஜூன் 7-ஆம் நாள் விரிவான ஆணையைப் பிறப்பித்தார். இயல்பை மாற்றுகிறோம் என்று சொல்லிச் செய்யப்படும் மருத்துவத்திற்கு அவ்வாணை தடை விதித்தது. அவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு 2022-இல் தக்க சொற்களைத் தொகுத்து அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு என்னும் சொல்லை நாங்கள் தயக்கமின்றி இம்மேடையில் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். தம் அறியாமையை முதலில் நீக்கிக்கொண்டு பிறகு தீர்ப்பெழுத அமர்ந்த அந்நீதியரசரின் நேர்மை எங்களுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

தாய் என்றால் ஒருத்திதான் என்று நம் முன்னோர் எண்ணியதாகவும் தெரியவில்லை. அகப்பாடல்களைக் கற்றவர்கள் அறிவர்: தலைவிக்குப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். மகள் உடன்போக்கில் சென்றபின் இருவரும் வருந்துகின்றனர். இருவருக்கும் தனித்தனியே கூற்று வகுத்திருக்கிறது நம் இலக்கணம். மணிமேகலைக் காப்பியத்தில் மாதவி, தான் பெற்ற மணிமேகலையைக் கண்ணகியின் மகள் என்றே உரைக்கின்றாள். சங்கப் புலவரும் சாத்தனாரும் தன்பாலீர்ப்பைப் பாடினார்கள் என்று நாங்கள் சாதிக்க வரவில்லை. அவ்வாறு வலிந்து பொருள் கொள்வது புலமைக்கு அழகன்று. ஒரு மகளுக்கு இரு தாயர் இருப்பது தமிழ்ச் செவிக்குப் புதிதன்று என்ற அளவே எங்கள் கருத்து.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு, தன்பாலீர்ப்புடையோரின் கூட்டுறவைக் குற்றம் ஆக்கி வைத்திருந்தது. 2009-இல் தில்லி உயர் நீதிமன்றம் அதன் கூர்மையை ஒடித்தது; 2013-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது; 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் அதே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், வயது வந்த இருவர் மனமொப்பி வாழ்வது குற்றமன்று என்று ஒருமனதாகத் தீர்த்தனர். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அப்பிரிவே இல்லை. ஆகவே இரு பெண்கள் துணையாகச் சேர்ந்து வாழ்வது இன்று குற்றமன்று. குற்றமன்று என்பதனாலேயே அது குடும்பம் ஆகிவிடுமா?

2023-இல் இவ்வினா திலக் மார்க்கத்திலுள்ள உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ்த் தங்கள் மணத்தைப் பதிவு செய்யவேண்டும் என்று பலர் வழக்குத் தொடுத்திருந்தனர். பத்து நாட்கள் வாதம் நடைபெற்றது. குழந்தை நலம் பற்றியும் வாதம் எழுந்தது. குழந்தைகளின் உரிமை காக்க அமைந்த தேசிய ஆணையம் ஒருபுறம் எதிர்த்து நின்றது. அதே நோக்கத்திற்காக அமைந்த தில்லி ஆணையம் மறுபுறம் ஆதரித்து நின்றது. அக்டோபர் 17-ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. மணம் புரிவதை அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமையாகக் கொள்ள முடியாது என்பதில் ஐவரும் ஒத்திருந்தனர். இவ்விணைகளின் கூட்டு வாழ்வைச் சட்டம் ஏற்க வேண்டுமென்றும், அவர்கள் சேர்ந்து தத்தெடுக்கத் தடையிருத்தல் ஆகாதென்றும் தலைமை நீதிபதி சந்திரசூட் அவர்களும் நீதியரசர் கவுல் அவர்களும் கருதினர். மற்ற மூவர் அதற்கு இசையவில்லை. மூவர் கருத்தே தீர்ப்பாயிற்று. மறு ஆய்வு வேண்டிய மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

திருமணம் பெரியோர் விவகாரம், அவர்கள் காத்திருப்பார்கள். குழந்தை காத்திருக்குமா? எங்கள் நெஞ்சை உறுத்துவது இதுதான். நம் சட்டம் தனித்த தாயை ஏற்கக் கற்றுக்கொண்டுவிட்டது. மணமாகாத பெண் ஆண் குழந்தையையோ பெண் குழந்தையையோ தத்தெடுக்கலாம். செயற்கைக் கருத்தரிப்பு முறைகளை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 21 வயதுக்கு மேல் 50 வயதுக்கு உட்பட்ட பெண் தனியாகவே மருத்துவ உதவியை நாடலாம். மணமாகாத தாய், தந்தையின் பெயரைச் சொல்லாமலும் அவருக்கு அறிவிக்காமலும் தன் குழந்தைக்குக் காப்பாளர் ஆகலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடவுச்சீட்டுக்குப் பெற்றோருள் ஒருவர் பெயரே போதும் என்று 2016-இல் விதி மாறியது. இவையெல்லாம் பெண்கள் போராடிப் பெற்றவை, போற்றத்தக்கவை.

ஆனால் இதே சட்டத்திற்கு ஒரு தாயைத் தெரியும். இரண்டு தாயரைத் தெரியாது. 2022-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறையின்படி இருவர் சேர்ந்து தத்தெடுக்க வேண்டுமாயின் ஈராண்டேனும் நிலைத்த மண வாழ்க்கை இருத்தல் வேண்டும். மணமே பதிவாகாதபோது ஈராண்டு எங்கிருந்து வரும்? சரி, ஒருத்தி மட்டும் தனியாக விண்ணப்பிக்கலாமே என்றால், மணம் புரியாது துணையோடு வாழ்பவருக்குக் குழந்தை தருவதில்லை என்று அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. தனிமையில் வளர்ப்பவளிடம் குழந்தையைத் தரலாம். அவளுக்குத் தோள் கொடுக்க இன்னொருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தால் தரக்கூடாதாம்! குழந்தையை வளர்த்த தாய்மார் எவரும் இவ்விதியின் பொருத்தத்தை எங்களுக்கு விளக்குவார்களாயின் நன்றியுடையோம்.

இதன் விளைவை வீட்டுக்குள் வந்து பாருங்கள். ஒருத்தி பெற்றாள், இருவரும் வளர்க்கின்றனர். பெற்றவள் அரசு ஊழியராயின் குழந்தை வளர்ப்பு விடுப்பாகப் பணிக்காலத்தில் 730 நாட்கள் வரை அவளுக்கு உண்டு. இரவெல்லாம் விழித்திருக்கும் மற்றவளும் அரசு ஊழியரே ஆயினும் அவளுக்கு ஒரு நாள்கூட இல்லை. மற்றவளுடைய மருத்துவ அட்டையில் குழந்தையின் பெயர் ஏறாது. பெற்றவள் வெளியூர் சென்றிருக்கும்போது குழந்தைக்கு அவசர அறுவை சிகிச்சை நேர்ந்தால், பெற்றோர் கையெழுத்திடும் இடத்தில் யார் கையெழுத்திடுவது என்று மருத்துவமனை தயங்கும். மற்றவள் உயில் எழுதாமல் இறந்துவிட்டால் நேர்வதைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கண்களில் அவளுக்கு மகளே இல்லை. அவள் பாடுபட்டுச் சேர்த்த வீடும் பணமும் அவளுடைய பெற்றோருக்கோ அவர்களுக்குப் பின் வருவோருக்கோ சேரும். 'அம்மா' என்று அழைத்த குழந்தைக்கு ஒரு செப்புக்காசும் இல்லை.

பெற்றவளே முதலில் இறந்துவிட்டால்? அது இன்னும் கொடிது. குழந்தைக்கு எஞ்சியிருக்கும் தாயைச் சட்டம் அயலாள் என்கிறது. அதுவரை எட்டிப் பாராத தாய்மாமனோ பாட்டனோ வந்து குழந்தையைக் கேட்டால், நீதிமன்ற வாயிலில் நின்று போராடவேண்டியவள் அவள்தான். பெற்றவள் முன்னரே உயில் எழுதி அவளைக் காப்பாளராக நியமித்திருந்தால் ஓரளவு அரண் உண்டு. அதற்கு 1956-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் இடம் தருகிறது. ஆயினும் காப்பாளர் வேறு, தாய் வேறு. காப்பாளர் பதவி குழந்தைக்குப் பதினெட்டு வயது ஆனதும் முடிந்துபோகும். தாய்மை அவ்வாறு முடிவதுண்டா?

மூவர் தீர்ப்பில் ஒரு காரணம் கூறப்பட்டது. அதை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. மணமான இருவர் பிரிந்தால் குழந்தையின் பராமரிப்பை முறைப்படுத்தச் சட்டம் உண்டு; மணமாகாதவர் பிரிந்தால் குழந்தைக்கு அத்தகைய காப்பு இல்லை என்பதே அக்காரணம். மணமாகாதவர் நல்ல பெற்றோர் ஆகமாட்டார் என்று கூறுவதாகக் கொள்ளற்க என்ற விளக்கமும் உடன் இருந்தது. காரணம் மெய்யானதே. ஆனால் அது எங்கே கொண்டுபோய் விடுகிறது? காப்பு இல்லையென்றால் காப்பைச் செய்யவேண்டும். இவ்வில்லங்களில் குழந்தைகள் ஏற்கெனவே பிறந்து வளர்ந்துகொண்டிருக்கின்றன. சட்டம் முகத்தைத் திருப்பிக்கொள்வதனால் அக்குழந்தைகள் மறைந்துவிடுவதில்லை.

'அப்பா இல்லாத வீட்டில் வளரும் பிள்ளை எப்படி ஆகுமோ' என்று கவலைப்படும் பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நல்லெண்ணத்தில் எழும் கவலை அது. அமெரிக்க நாட்டில் நானெட் கார்ட்ரெல் என்னும் மனநல மருத்துவர் 1986-இல் தொடங்கி, இரு தாயரிடத்தும் தனித் தாயரிடத்தும் வளர்ந்த இத்தகைய குழந்தைகளைக் கருவிலிருந்தே தொடர்ந்து ஆராய்ந்து வந்தார். அவர்களுள் 77 பேர் இருபத்தைந்து வயதை எட்டியபோது, ஏனையோர் மக்களோடு ஒப்பிட்டு 2018-இல் முடிவை வெளியிட்டார். மனநலத்திலோ நடத்தையிலோ வேறுபாடு காணப்படவில்லை. ஆராய்ச்சிக்குத் தாமே முன்வந்த குடும்பங்கள் அவை என்பதையும் சொல்லிவிடுகிறோம். அதனை ஒரு குறையாகக் கருதுவோர் உண்டு. ஆனால் இங்கிலாந்தில் சூசன் கோலம்பாக் 1983-இல் வெளியிட்டதும், அதன்பின் பலர் செய்த ஆய்வுகளும் அதே பக்கம்தான் சாய்கின்றன. அக்குழந்தைகளை வருத்துவதாக ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டுவது வேறொன்று: ஊரார் செய்யும் ஏளனம். அதை நிறுத்துவதற்கு உச்ச நீதிமன்றம் வேண்டுவதில்லை.

சட்டம் ஏற்காத மணம் என்றால் என்ன என்பது தமிழருக்குத் தெரியாத செய்தியும் அன்று. 1920-களின் இறுதியிலிருந்து பல்லாயிரவர் புரோகிதர் இன்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டனர். ஊரறிய மாலை மாற்றி, பிள்ளை பெற்று வாழ்ந்தனர். ஆனால் 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மணம் ஒன்றைச் சட்டப்படி செல்லாது என்றது. நேற்றுவரை மனைவியாக இருந்தவள் இன்று மனைவியல்லள். பிள்ளைகளின் பிறப்புக்கே களங்கம்! அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-இல், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவைச் சென்னை மாநிலம் சேர்த்தது. இனி நடக்கும் மணங்களோடு அது நிற்கவில்லை. முன்பே நடந்தவையும் செல்லும் என்றது. நம் அவையில் அமர்ந்திருக்கும் முதியோர் சிலருடைய பெற்றோரின் மணம் அவ்வாறு செல்லுபடியானதாக இருக்கலாம். அக்குடும்பங்கள் 1967-க்கு முன்பும் குடும்பங்களாகவே இருந்தன. சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது.

இப்போதும் சட்டம் சிறுசிறு அடியாக நடந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. சண்டிகரில் செவிலியாகப் பணிபுரிந்த ஒருவரின் மகப்பேறு விடுப்பு வழக்கில், 2022 ஆகஸ்டில், குடும்பம் என்பது தந்தை, தாய், மக்கள் என்ற ஒரே வடிவினதன்று, தன்பாலீர்ப்புடையோர் உறவும் அதில் அடங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2024-இல் மத்திய அரசு, இத்துணையர் வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கத் தடையில்லை, கணக்கிலுள்ள தொகையைப் பெறுபவராக ஒருவரையொருவர் நியமிக்கலாம், குடும்ப அட்டைக்கு ஒரே இல்லத்தாராகக் கருதப்படுவர் என்று அறிவித்தது. 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோரால் அடைத்து வைக்கப்பட்ட ஓர் இளம் பெண்ணை விடுவித்தபோது, மணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று என்றும், தாமே தேர்ந்து அமைத்துக்கொள்ளும் குடும்பமும் உண்டு என்றும் சொல்லியது. குழந்தையைப் பற்றிய விதிகள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

இனி நம் சங்கத்துச் செய்தி. சம்பந்தப்பட்டவர்களின் இசைவு பெற்றே இதைச் சொல்கிறோம். நம் விதிகளில் 'குடும்ப உறுப்பினர்' என்பதற்குக் கணவன், மனைவி, மணமாகாத மக்கள், உடன் வாழும் பெற்றோர் என்று பொருள் கூறப்பட்டிருக்கிறது. சென்ற ஆவணித் திங்களில் இரு பெண்மணிகள் தங்களையும் ஆறு வயது மகளையும் ஒரே குடும்பமாகச் சேர்க்குமாறு விண்ணப்பித்தனர். ஒருவர் வங்கியில் பணிபுரிகிறார், மற்றவர் பள்ளி ஆசிரியை. சிறுமி ஒருவரை அம்மா என்றும், மதுரைப் பக்கத்துக்காரரான மற்றவரை ஆத்தா என்றும் அழைக்கிறாள். நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இரண்டாம் ஆண்டாகப் படிக்கிறாள். விண்ணப்பம் செயற்குழுவில் இரு முறை ஒத்திவைக்கப்பட்டது. 'சட்டம் ஏற்காததைச் சங்கம் ஏற்கலாமா?' என்பது அங்கே எழுந்த தடை.

நம் சங்கம் திருமணப் பதிவகம் அன்று. சந்தா வாங்கி, பொங்கல் வைத்து, பிள்ளைகளுக்கு அகரம் கற்பிக்கும் அமைப்பு. வங்கி ஏற்கலாம், ரேஷன் கடை ஏற்கலாம், தமிழ்ச் சங்கம் ஏற்கலாகாது என்று சொல்வோமாயின் அதைவிட நகைப்புக்கிடம் வேறில்லை. அக்குழந்தைக்கு நாம் சட்ட உரிமை எதையும் தந்துவிட முடியாது. அது நாடாளுமன்றத்தின் வேலை. ஆனால் நம் அடையாள அட்டையில் மூன்று பெயர் ஒருங்கே இருப்பது, ஒரே முகவரியில் ஒரே குடும்பமாக ஊரார் அறிய வாழ்ந்தனர் என்பதற்கு ஒரு சான்று. நாளை எந்த அலுவலகத்திலேனும், எந்த நீதிமன்றத்திலேனும் அது பயன்படக்கூடும். சான்று பகரும் அண்டை வீட்டாரும் பயன்படுவர். உயிலும் காப்பாளர் நியமனமும் இவ்வில்லங்களுக்கு இன்றியமையாதவை என்பதால், சங்கத்தில் உள்ள வழக்கறிஞர் அன்பர்கள் மாதம் ஒரு மாலை ஊதியமின்றி ஆலோசனை கூற முன்வந்திருக்கிறார்கள். இது எல்லாக் குடும்பங்களுக்கும் பொது. நம்மில் உயில் எழுதி வைத்திருப்போர் எத்தனை பேர் என்று கேட்டால் இவ்வரங்கில் கைகள் அதிகம் உயரா.

மாதர் பிரிவு இரண்டு திருத்தங்களை முன்மொழிகிறது. விதியில் 'கணவன், மனைவி' என்பதை அடுத்து 'அல்லது ஒரே இல்லத்தில் வாழ்க்கைத் துணையாக வாழும் இருவர்' என்ற தொடரைச் சேர்க்கவேண்டும். தமிழ் வகுப்புப் படிவத்தில் 'தந்தை பெயர்' என்ற வரியை எடுத்துவிட்டு, 'பெற்றோர் அல்லது வளர்ப்போர்' என்று இரண்டு வரி இடம் விடவேண்டும். தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நால்வர் அவ்வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அது உதவும். திருத்தங்களின் வாசகம் அரங்கின் வாயிலில் உள்ள பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. பொதுக்குழு தைத் திங்கள் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடும். மாற்றுக் கருத்துடையோர் அதற்கு ஒரு வாரம் முன்னதாகச் செயலாளரிடம் எழுத்தில் கொடுத்தால், அதையும் அவையில் படித்துவிட்டே வாக்கெடுப்பு நடத்தும்படி கேட்டுக்கொண்டிருக்கிறோம்.